எல்விஎன் எக்ஸாம்: கேஸ் ஸ்டடி வந்தா திணறுறேன், கிளினிக்கல் ஜட்ஜ்மெண்ட் எப்படி பிராக்டிஸ் பண்றது?

ஹூஸ்டன்_மதுரைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹூஸ்டன்ல எல்விஎன் (லைசென்ஸ்டு வொகேஷனல் நர்ஸ், ரெஜிஸ்டர்ட் நர்ஸுக்கு ஒரு படி கீழ) கோர்ஸ் முடிச்சுட்டேன், நர்சிங் போர்டுக்கு அப்ளை பண்ணியாச்சு, எக்ஸாம் எழுத அனுமதி தர்ற ஏடிடி லெட்டருக்கு வெயிட்டிங். ஊர்ல பி.காம் படிச்சவ, மெடிக்கல் பக்கமே போனதில்ல. இங்க வந்து பிள்ளைங்க ஸ்கூலுக்கு போக ஆரம்பிச்சதுக்கு அப்புறம் சிஎன்ஏ, அதாவது நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸ் பண்ணி ஒரு நர்சிங் ஹோம்ல வேலைக்கு சேந்தேன், அங்க இருந்த நர்ஸ்ங்களப் பாத்துதான் நாமளும் ஆகணும்னு ஆசை வந்துச்சு. அதனால இந்த எக்ஸாம் எனக்கு ரொம்ப முக்கியம்.

பிரச்சனை என்னன்னா தனித்தனி கேள்வி ஓரளவுக்கு நல்லா வருது. மருந்து, லேப் வேல்யூ, இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் எல்லாம் தெரியும். ஆனா என்ஜிஎன் (நெக்ஸ்ட் ஜென், புது வடிவ எக்ஸாம்) கேஸ் ஸ்டடின்னு ஒண்ணு வருதுல்ல, நர்ஸ் நோட்ஸ் ஒரு டேப், வைட்டல்ஸ் ஒரு டேப், லேப் ஒரு டேப், டாக்டர் ஆர்டர் ஒரு டேப்னு, அதத் திறந்தா எல்லாமே முக்கியம் மாதிரி தெரியுது, எத எடுக்கறது எத விடறதுன்னு புரியாம எல்லாத்தையும் டிக் பண்ணிடறேன். பின்னாடி விளக்கம் படிச்சா அட ஆமால்லன்னு இருக்கு, அடுத்த கேஸ்ல திரும்ப அதேதான். இங்கிலீஷ்ல அவ்வளவு நோட்ஸ் படிக்கவே டைம் வேற போகுது.

கிளாஸ்ல கேட்டா நிறைய கேள்வி போடு தானா வரும்ங்கறாங்க. அப்படி தானா வருமா? இல்ல இதுக்குன்னு ஒரு பயிற்சி இருக்கா? பாஸ் பண்ணவங்க, பாடம் எடுக்கறவங்க யாராவது இருந்தா கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

ராஜி_நியூஜெர்சி

நான் ஆர்என் (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்), பிராக்டிகல் நர்சிங் படிக்கற பிள்ளைங்களுக்கு கிளினிக்கல் எடுக்கறேன். நீங்க சொன்னத அப்படியே ஒவ்வொரு பேட்ச்லயும் கேக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

கேள்வி நிறைய போட்டா தானா வரும்ங்கறது பாதிதான் சரி. யோசிக்கற முறைய மாத்தாம ஆயிரம் கேள்வி போட்டாலும் அதே இடத்துலதான் வழுக்கும். 2023 ஏப்ரல் 1லேர்ந்து என்க்ளெக்ஸ், அதாவது நர்ஸ் லைசென்ஸ் எக்ஸாம், புது வடிவத்துக்கு வந்துச்சு, ஆர்என்னுக்கும் பிஎன்னுக்கும் (நீங்க எழுதறது பிஎன்) சேத்துதான். அதுல கேஸ் ஸ்டடி ஒவ்வொண்ணுக்கும் ஆறு கேள்வி, அந்த ஆறும் ஒரு வரிசைல வரும். மொதல்ல சார்ட்ல எது கவனிக்க வேண்டிய அறிகுறின்னு பொறுக்கறது. ரெண்டாவது அதுக்கெல்லாம் என்ன அர்த்தம், எது எதோட சேருதுன்னு பாக்கறது. மூணாவது என்னவா இருக்கலாம், அதுல எது அவசரம்னு முடிவு பண்றது. நாலாவது என்னென்ன செய்யலாம், ஐந்தாவது இப்போ எத செய்யணும், ஆறாவது செஞ்சதுக்கு அப்புறம் பேஷன்ட் தேறினாரா இல்லையா. எக்ஸாம்ல எல்லாருக்கும் மார்க்குக்கு சேர்ற கேஸ் மூணு, ஆக 18 கேள்வி. பயப்படற அளவுக்கு பெரிய பங்கு இல்ல, ஆனா தனிக் கேள்விலயும் இதே யோசனையத்தான் சோதிக்கறாங்க, அதனால இத கத்துக்கிட்டா மொத்த பேப்பருக்கும் உதவும்.

இது எக்ஸாமுக்காக புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. கிறிஸ்டீன் டேனர்ங்கற நர்சிங் பேராசிரியர் 2006ல எழுதின கட்டுரைல அனுபவப்பட்ட நர்ஸ் எப்படி யோசிக்கறாங்கன்னு நாலா பிரிச்சு சொல்லிருப்பாங்க: கவனிக்கறது, அர்த்தம் எடுக்கறது, செய்யறது, செஞ்சத திரும்பிப் பாக்கறது. நீங்க நர்சிங் ஹோம்ல பாத்து ஆசைப்பட்டீங்களே அந்த நர்ஸ்ங்க ரூமுக்குள்ள நுழைஞ்சதுமே இந்த வேலையத்தான் மனசுக்குள்ள செய்வாங்க, வெளிய தெரியாது அவ்வளவுதான்.

இப்போ ஒரு கேஸ் எடுத்துக்கலாம். 78 வயசு அம்மா, ஹார்ட் ஃபெயிலியர், டிகாக்சினும் (இதய மருந்து) ஃபியூரோசமைடும் (நீர் மாத்திரை) தினம் எடுக்கறாங்க. காலைல எட்டு மணி நோட்ஸ்: டிஃபன் வேண்டாம்னுட்டாங்க, குமட்டுதாம், லைட்டச் சுத்தி மஞ்சளா வளையம் தெரியுதுங்கறாங்க. ஏபிகல் பல்ஸ் (நெஞ்சுல வச்சு கேட்டு எண்றது) 52, பிபி 118/70, டெம்பரேச்சர் 98.2, ஆக்சிஜன் 95. லங்ஸ் க்ளியர். கணுக்கால்ல லேசா வீக்கம், போன வாரம் இருந்த அதே அளவு. எடை மாறல. பொட்டாசியம் 3.1. காதுல ஹியரிங் எய்ட், முழங்கால் மூட்டுவலி.

நீங்க இத படிச்சா எல்லாத்தையும் டிக் பண்ணுவீங்க இல்லையா. அதுக்கு பதிலா ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது இந்த ஆளுக்கு புதுசா, இல்ல எப்பவும் இருக்கறதா? வீக்கம் பழசு, மூட்டுவலி பழசு, ஹியரிங் எய்ட் பழசு, அதெல்லாம் ஒதுங்கிடும். குமட்டல், மஞ்சள் வளையம், 52, 3.1, இந்த நாலும்தான் நிக்கும். அடுத்து இது நாலும் ஒண்ணோடொண்ணு எப்படி சேருது? ஃபியூரோசமைடு யூரின் வழியா பொட்டாசியத்த வெளிய தள்ளுது, பொட்டாசியம் கொறஞ்சா டிகாக்சின் இதயத்துல இன்னும் பலமா பிடிக்கும், அப்போ ரெகுலர் டோஸே விஷமா மாறலாம். என்னவா இருக்கலாம்னு மூணு யோசிங்க: வயித்துக் கோளாறு, ஹார்ட் ஃபெயிலியர் கூடிப்போச்சு, டிகாக்சின் டாக்சிசிட்டி. லங்ஸ் க்ளியர், எடை மாறல, அதனால ஹார்ட் ஃபெயிலியர் கூடல. வயித்துக் கோளாறுன்னா கண்ணுல மஞ்சள் வளையம் ஏன் வரும்? அப்போ டாக்சிசிட்டி மேல வருது. என்ன செய்யறது? ஏபிகல் பல்ஸ் முழுசா ஒரு நிமிஷம் எண்ணி உறுதி பண்ணிக்கிட்டு காலை டோஸ நிறுத்தி வைக்கறது, ஆர்என்கிட்டயும் டாக்டர்கிட்டயும் உடனே சொல்றது, டிகாக்சின் லெவல் எடுக்க ஆர்டர் வரும்னு எதிர்பாக்கறது. கடைசில, தேறினாங்கன்னு எத வச்சு சொல்வீங்க? பல்ஸ் 60க்கு மேல, பொட்டாசியம் 3.5லேர்ந்து 5க்குள்ள, குமட்டல் போயிருக்கு, சாப்பிடறாங்க. வீக்கம் வத்திருச்சாங்கறது இங்க அளவுகோல் இல்ல, பல பேர் அதத்தான் டிக் பண்றாங்க.

பயிற்சி எப்படின்னா, கேஸத் திறந்ததும் ஆப்ஷன கையால மூடுங்க, நெசமாவே ஒரு பேப்பர் வச்சு மறைங்க. சார்ட்ட மட்டும் படிச்சு, எனக்கு கவலையா இருக்கறது என்ன, ஏன், நான் மொதல்ல என்ன செய்வேன்னு உங்க வாயால தமிழ்லயே சொல்லுங்க. அப்புறம் ஆப்ஷனத் திறங்க. ஒரு நாளைக்கு ரெண்டு கேஸ் இப்படி செஞ்சா போதும், ஐம்பது கேள்விய அவசரமா தட்டறதவிட இது மேல். விளக்கம் படிக்கறப்போ சரியான பதிலுக்கு மட்டும் இல்ல, தப்பான ஒவ்வொண்ணும் ஏன் தப்புன்னும் படிங்க.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். நீங்க எழுதறது எல்விஎன் எக்ஸாம், ஆர்என் எக்ஸாம் இல்ல. மொத அசெஸ்மெண்ட், கேர் பிளான் போடறது, புதுசா டீச்சிங் ஆரம்பிக்கறது எல்லாம் ஆர்என் வேலை. எல்விஎன் டேட்டா கலெக்ட் பண்ணுவாங்க, ஆர்என் சொல்லிக்கொடுத்தத திரும்ப நினைவுபடுத்துவாங்க, நிலை ஸ்டேபிளா இருக்கற பேஷன்ட்ட பாப்பாங்க, மாற்றம் தெரிஞ்சா தாமதிக்காம ரிப்போர்ட் பண்ணுவாங்க. யாருக்கு எந்த வேலைன்னு கேக்கற கோஆர்டினேட்டட் கேர்ங்கற பகுதிதான் பிஎன் டெஸ்ட் பிளான்லயே பெரிசு, 18லேர்ந்து 24 சதவீதம். ஆர்என் கேள்வி பேங்க வாங்கி படிச்சா இந்த இடத்துல தடுமாறும்.

வதனி_ஸ்கார்பரோ

ராஜி அக்கா வடிவா எழுதியிருக்கிறா. நான் இஞ்ச கனடாவில, ஒன்டாரியோவில ஆர்பிஎன், கிட்டத்தட்ட உங்கட எல்விஎன் மாதிரி. எங்களுக்கு 2022 ஜனவரியில இருந்து ரெக்ஸ்-பிஎன் எண்டு சோதனை, அதுக்கு முந்தி சிபிஎன்ஆர்இ எண்டு வேற ஒண்டு இருந்தது. ரெக்ஸ்-பிஎன்னும் என்க்ளெக்ஸ் நடத்துற அதே என்சிஎஸ்பிஎன் ஆக்கள் செய்ததுதான், கம்ப்யூட்டர் உங்கட விடையைப் பாத்து அடுத்த கேள்வியைத் தெரிவுசெய்யிற அதே முறை. அதால படிக்கிற விதம் பெரிசா மாறாது.

நான் பிஎஸ்டபிள்யூவா (உங்கட சிஎன்ஏ மாதிரி) வேலை செய்துகொண்டுதான் படிச்சனான், உங்களை மாதிரித்தான் தங்கச்சி. அதை ஒரு பலமா பாருங்கோ. ஷிஃப்ட் மாறேக்க நர்ஸ் ரிப்போர்ட் குடுப்பினம் தானே, அதைக் கேக்கேக்க மனசுக்குள்ள ஒரு ஆளைத் தெரிஞ்செடுத்து, இவருக்கு இண்டைக்கு என்ன பிழைச்சுப் போகலாம், நான் எதைப் பாத்தா ஓடிப்போய் நர்ஸிட்டச் சொல்லுவன் எண்டு யோசிச்சு வைப்பன். ஷிஃப்ட் முடியேக்க அது சரியா வந்ததோ எண்டு பாப்பன். ஒரு நாள் ஒரு தாத்தா, எப்பவும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவர், அண்டைக்கு என்னை ஆரெண்டே தெரியாம தன்ர மனிசியைத் தேடிக்கொண்டிருந்தார். காய்ச்சல் இல்லை. வயசு போன ஆக்களுக்கு காய்ச்சல் இல்லாமலே யூரின் இன்ஃபெக்‌ஷன் வரும், திடீர்க் குழப்பம்தான் முதல் அறிகுறியா இருக்கலாம் எண்டு வகுப்பில படிச்சது அப்பதான் எனக்கு உடம்பில ஏறினது. நர்ஸிட்டப் போய்ச் சொன்னன், டெஸ்ட் எடுத்தவை, அதுதான். அதுக்குப் பிறகு புத்தகத்தில திடீர்க் குழப்பம் எண்டு பாத்தா நான் நிண்டு வாசிப்பன். ஆனா வீட்டில நோட்ஸ் எழுதேக்க ஆற்றையும் பேர், அறை நம்பர் ஒண்டும் எழுதக்கூடாது, அது கவனம்.

அடுத்தது, நம்பரைத் தனிய பாக்காதேங்கோ. ஆக்சிஜன் 89 எண்டா எல்லாருக்கும் பயம் வரும். ஆனா பல வருஷமா சிஓபிடி எண்ட நுரையீரல் நோய் இருக்கிற சிலருக்கு டாக்டர் 88ல இருந்து 92 வரைக்கும் எண்டு இலக்கு வைச்சிருப்பார், அவருக்கு 89 வழமை. நேற்றுவரை 98ல இருந்த ஆளுக்கு இண்டைக்கு 89 எண்டா அது வேற கதை. ட்ரெண்ட் கேள்வியும் உப்பிடித்தான். பிபி 132, பிறகு 118, பிறகு 104. பல்ஸ் 84, 98, 122. கடைசி பிபியைத் தனிய பாத்தா பரவாயில்லை எண்டு இருக்கும், மூண்டையும் வரிசையா வைச்சா எங்கேயோ ரத்தம் போகுது எண்டு விளங்கும்.

இன்னொரு விஷயம், கனடாப் புத்தகம் ஆரும் தந்தா கவனமாப் பாவியுங்கோ. எங்களுக்கு குளுக்கோஸ் எம்எம்ஓஎல்ல, 4க்குக் கீழ எண்டா குறைவு. உங்களுக்கு மில்லிகிராம், 70க்குக் கீழ. அதோட எங்கட ஆர்பிஎன் ரெண்டு வருஷ டிப்ளோமா, செய்யக்கூடிய வேலையின்ர எல்லையும் உங்கட எல்விஎன்னை விட அகலம். ஆருக்கு எந்த பேஷன்டைக் குடுக்கிறது எண்ட கேள்விக்கு எங்கட புத்தகத்து விடை உங்கட சோதனையில பிழையாகலாம்.

செந்தில்_டாலஸ்

அக்கா, நான் டாலஸ்ல எல்விஎன். படிப்பு விஷயம் மேல ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க, நான் மார்க் எப்படி போடறாங்கன்னு சொல்றேன், ஏன்னா எல்லாத்தையும் டிக் பண்றேன்னு எழுதிருக்கீங்க, அதுல மார்க் போகுது.

புது முறைல பதில்ல ஒரு பகுதி சரியா இருந்தாலும் அதுக்கு மார்க் உண்டு, ஆனா எல்லா கேள்விக்கும் ஒரே ரூல் இல்ல. பொருந்தற எல்லாத்தையும் தேர்ந்தெடுன்னு வந்தா சரியான ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க் கூடும், தப்பான ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க் கழிப்பாங்க, ஜீரோவுக்கு கீழ மட்டும் போகாது. நோட்ஸ்ல ஹைலைட் பண்ண சொல்றதும் அதே ரூல்தான். ஆக மூணு சரி மூணு தப்புன்னு ஆறையும் டிக் பண்ணா கைல ஒண்ணும் நிக்காது. ஆனா மூணத் தேர்ந்தெடுன்னு எண்ணிக்கை சொல்லி கேட்டா மைனஸ் கிடையாது, அங்க சந்தேகமா இருந்தாலும் மூணையும் போட்டுடணும். டிராப் டவுனுக்கும் போ டைக்கும்கூட மைனஸ் இல்ல. போ டைன்னா நடுவுல என்ன பிரச்சனைன்னு ஒண்ணு, இடது பக்கம் செய்ய வேண்டியது ரெண்டு, வலது பக்கம் தொடர்ந்து கவனிக்க வேண்டியது ரெண்டு, மொத்தம் அஞ்சு மார்க். நான் எப்பவும் நடுவ மொதல்ல முடிவு பண்ணிட்டுதான் ரெண்டு பக்கமும் போவேன், நடு சரியா இருந்தா மத்தது தானா விழும். இன்னொரு வகை இருக்கு, இது நடக்குது ஏன்னா இதுனாலன்னு ரெண்டு இடத்த நிரப்பறது, அதுல காரணமும் விளைவும் ரெண்டும் சரியா இருந்தாதான் மார்க்.

டைம் பத்தி கவலை வேண்டாம், அஞ்சு மணி நேரம். கேள்வி குறைஞ்சது 85, அதிகபட்சம் 150, அதுல 15 மார்க்குக்கு சேராத கேள்வி, எதுன்னு தெரியாது. 85லயே நின்னா பாஸ், 150 வரைக்கும் போனா ஃபெயில்னு சொல்றதெல்லாம் நம்பாதீங்க. பாஸ் கோட்டுக்கு நீங்க மேலயா கீழயான்னு கம்ப்யூட்டருக்கு 95 சதவீதம் உறுதி வர்றப்போ நிறுத்தும், அது எந்தப் பக்கமும் இருக்கலாம். பின்னாடி போய் பதில மாத்த முடியாது, விட்டுட்டு அடுத்ததுக்கும் போக முடியாது, அதனால வீட்ல பிராக்டிஸ் பண்றப்பவே அப்படி செட் பண்ணிக்கோங்க. அழிச்சு எழுதற ஒரு போர்டு தருவாங்க, கேஸ்ல புதுசா தெரியற அறிகுறிய அதுல ரெண்டு வார்த்தைல எழுதி வச்சா டேப் டேப்பா திரும்ப படிக்க வேணாம். ரெண்டு மணி நேரம் ஆனா பிரேக் எடுக்கலாம்னு ஸ்கிரீன்லயே வரும், எடுங்க, ஆனா கடிகாரம் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

நம்ம ஆளுங்களுக்குன்னே ஒண்ணு: பேர். பாஸ்போர்ட்ல அப்பா பேர் சர்நேமா, லைசென்ஸ்ல இனிஷியலா, காலேஜ்ல வீட்டுக்காரர் பேரோடன்னு இருந்தா இப்பவே சரி பண்ணுங்க. ரெஜிஸ்டர் பண்ண ஃபர்ஸ்ட் நேம் லாஸ்ட் நேம் ரெண்டும் அன்னிக்கு காட்டற ஐடில அப்படியே இருக்கணும், இல்லன்னா உள்ள விடமாட்டாங்க, 200 டாலர் ஃபீஸும் போயிடும். டெக்சாஸ்ல லைசென்ஸ் வரணும்னா ஜூரிஸ்புருடென்ஸ் எக்ஸாமும் (டெக்சாஸ் நர்சிங் சட்டம் பத்தினது) ஃபிங்கர்பிரிண்டும் முடிச்சிருக்கணும், அத இந்த வெயிட்டிங் டைம்ல முடிச்சுடுங்க.

அப்புறம் எக்ஸாம்ல வந்த கேள்வின்னு சொல்லி வாட்ஸ்அப்ல பிடிஎஃப் விக்கறவங்ககிட்ட போகவே போகாதீங்க. எக்ஸாமுக்கு முன்னாடி ரகசியம் காப்பேன்னு நாமளே ஒத்துக்கறோம், அத மீறினா லைசென்ஸுக்கே ஆபத்து. அது இல்லாம, கேஸ்ல ஒரு நம்பர் மாறினாலே பதில் மாறிடுது, மனப்பாடம் பண்ணி என்ன ஆகப்போகுது. என்சிஎஸ்பிஎன் சைட்லயே புது மாதிரி கேள்விகள் சாம்பிள் ஃப்ரீயா இருக்கு, ஸ்கிரீன் பழகறதுக்கு அது போதும்.

ஹூஸ்டன்_மதுரைக்காரி

கண்ணே கலங்கிருச்சு, இவ்வளவு விவரமா யாரும் எனக்கு சொன்னதில்ல. மைனஸ் இருக்குன்னே எனக்கு தெரியாது. பேர் விஷயம் உடனே பாத்தேன், ஏடிடி அப்ளிகேஷன்ல சரியாத்தான் இருக்கு.

ராஜி அக்கா, ஒரு கேஸ் இங்கயே குடுப்பீங்களா? ஆப்ஷன் இல்லாம. நான் யோசிச்சு எழுதறேன், எங்க வழுக்குதுன்னு சொல்லுங்க.

ராஜி_நியூஜெர்சி

சரி, இந்தாங்க. 34 வயசு ஆள், கார் ஆக்சிடெண்ட், வலது தொடை எலும்பு முறிவு, ராட் வச்சு ஆபரேஷன் ஆகி ஆர்த்தோ வார்டுல இருக்கார், அடிபட்டு ரெண்டாவது நாள். நேத்து ராத்திரி தெளிவா பேசினார். இன்னிக்கு காலைல இடம் தெரியாம ஐவி லைன பிடிச்சு இழுக்கறார். டெம்பரேச்சர் 100.6, பல்ஸ் 118, ரெஸ்பிரேஷன் 28, பிபி 124/76, ஆக்சிஜன் ரூம் ஏர்ல 87, நேத்து 97. ரெண்டு காலும் சூடு, பாதத்துல பல்ஸ் நல்லா இருக்கு, கட்டு உலர்ந்து சுத்தமா இருக்கு. நெஞ்சுலயும் அக்குள்லயும் பொடிப் பொடியா சிவப்புப் புள்ளி. வலி 10க்கு 4. காலை ஆறு மணிக்கு ஹைட்ரோகோடோன் வலி மாத்திரை (ஓபியாய்டு வகை). பெனிசிலின் அலர்ஜின்னு பழைய ரெக்கார்டு.

ஹூஸ்டன்_மதுரைக்காரி

வாய் விட்டு சொல்லிப் பாத்துட்டு எழுதறேன். புதுசா இருக்கறது: குழப்பம், ரெஸ்பிரேஷன் 28, பல்ஸ் 118, ஆக்சிஜன் 97லேர்ந்து 87, டெம்பரேச்சர், சிவப்புப் புள்ளி. ஒதுக்கறது: காலு சூடு, கட்டு சுத்தம், பிபி, வலி 4.

மொதல்ல மாத்திரையாலதான் குழப்பம்னு தோணுச்சு, ஆனா ஓபியாய்டுன்னா மூச்சு கொறையணும், இங்க 28 இருக்கு, அதனால அது இல்ல. ஆக்சிஜன் கொறஞ்சதாலதான் மூளைக்கு பத்தாம குழப்பம்னு நினைக்கறேன். கால் எலும்பு, படுத்தே இருக்கார், அப்போ லங்ஸ்ல கிளாட். புள்ளிய எதோட சேக்கறதுன்னு தெரியல, அலர்ஜியா இருக்குமோ? அலர்ஜின்னா என்ன மருந்துக்கு? செய்யறது: தலைப்பக்கம் உயர்த்தி ஆக்சிஜன் போட்டு, ஆர்என்ன கூப்பிடுவேன், அவர விட்டு நகரமாட்டேன்.

ராஜி_நியூஜெர்சி

நல்லா யோசிச்சிருக்கீங்க. ஓபியாய்டு இல்லன்னு மூச்ச வச்சு தள்ளினீங்க பாருங்க, அதுதான் எக்ஸாம் கேக்கற யோசனை. நீங்க செய்யறதா எழுதினது எல்லாமே சரி, வரிசையும் சரி. கூப்பிடறப்போ ரேபிட் ரெஸ்பான்ஸ் டீமையும் (அவசரத்துக்கு ஓடி வர்றவங்க) சேத்து கூப்பிடுங்க, இது காத்திருந்து பாக்கற நிலை இல்ல.

விட்டது அந்தப் புள்ளி ஒண்ணுதான். அலர்ஜின்னா பெரும்பாலும் தடிப்பா, அரிப்போட, உடம்பு பூரா வரும், அவருக்கு பெனிசிலின் குடுத்ததாவும் எங்கயும் இல்ல. நெஞ்சு, அக்குள், சில சமயம் கண்ணுக்குள்ள, பொடிப் பொடியா ரத்தப்புள்ளி, கூடவே மூச்சுத் திணறல், கூடவே குழப்பம். தொடை மாதிரி நீள எலும்பு முறிஞ்சு மூணு நாளைக்குள்ள இந்த மூணும் சேந்து வந்தா ஃபேட் எம்பாலிசம். எலும்பு மஜ்ஜைல இருக்கற கொழுப்பு ரத்தத்துல கலந்து லங்ஸுக்கு போயிடுது. ரத்தக் கட்டும் இதே மாதிரி ஆக்சிஜன கொறைக்கும், ஆனா புள்ளி வராது. ரெண்டையும் பிரிக்கறது அந்த ஒரு வரிதான், அதனாலதான் கேஸ் எழுதறவங்க அத கட்டு சுத்தமா இருக்குங்கற சாதாரண வரிக்குப் பக்கத்துல ஒளிச்சு வைப்பாங்க.

இதுலேர்ந்து ஒரு பழக்கம் பிடிச்சுக்கோங்க. புதுசுன்னு பொறுக்கின அறிகுறில ஒண்ணு உங்க முடிவோட சேராம தனியா நின்னா, அத தள்ளிவிடாதீங்க, முடிவ திரும்ப யோசிங்க. எல்லாத்தையும் ஒண்ணா விளக்கற காரணம் எதுவோ அதுதான் மேல வரணும். இத எழுதி செவுத்துல ஒட்டிக்கிட்டாலும் தப்பில்ல.

இந்த மாதிரி சேந்து வர்றதெல்லாம் ஒரு நோட்டுல தனியா எழுதி வாங்க. ஃபேட் எம்பாலிசம், டிகாக்சின், சுகர் கொறையறது, தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் கால்சியம் கொறஞ்சு வாயச் சுத்தி மரத்துப்போறது, ரத்தம் ஏத்தறப்போ குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும். ஒவ்வொண்ணுக்கும் மூணு அறிகுறி, மொத செயல், தேறினதுக்கு என்ன அடையாளம், அவ்வளவுதான், பக்கம் பக்கமா வேண்டாம்.

செந்தில்_டாலஸ்

ரத்தம் ஏத்தற கேஸ் எனக்கு பிராக்டிஸ்ல அடிக்கடி வந்துச்சு. மொத செயல் ரத்தத்த நிறுத்தறது, டாக்டர கூப்பிடறது அதுக்கு அப்புறம்தான். லைன எடுத்துடாம புது டியூப்ல நார்மல் சலைன் ஓட விடணும். பதில்ல ரெண்டுமே இருக்கும், வரிசைலதான் மாட்டுவோம்.

வதனி_ஸ்கார்பரோ

தங்கச்சி, உங்களோட சேந்து படிக்க ஆள் இருக்கோ? நான் பாஸ் பண்ணினதுக்கு முழுக் காரணம் என்ர சிநேகிதி. ரெண்டு பேரும் ஃபோனில இருந்துகொண்டு ஒராள் சார்ட்டை வாசிக்கிறது, மற்றாள் ஆப்ஷன் கேளாமலே விடை சொல்லுறது, ஏன் எண்டு விடாமக் கேக்கிறது. வாய்விட்டுக் கதைச்சா உங்கட யோசனையில எங்க ஓட்டை எண்டு உங்களுக்கே கேக்கும். இங்கிலீஷ் நோட்ஸை சத்தமா வாசிச்சு வாசிச்சு வேகமும் கூடும், உங்கட அந்தக் கவலையும் குறையும். ஆள் இல்லாட்டி நான் வாறன், சனிக்கிழமை இரவு எனக்கு ஷிஃப்ட் இல்லை. எங்கட ஒன்பது மணி உங்களுக்கு எட்டு மணி தானே.

ஹூஸ்டன்_மதுரைக்காரி

வதனி அக்கா, கண்டிப்பா! எட்டு மணிக்கு பிள்ளைங்க சாப்பிட்டு முடிச்சிருவாங்க, எனக்கு அது சரியான நேரம். இன்பாக்ஸ்ல மெசேஜ் அனுப்பிட்டேன், பாருங்க. ராஜி அக்கா சொன்ன அந்த நோட்டு இன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன், மொத பக்கம் டிகாக்சின், ரெண்டாவது ஃபேட் எம்பாலிசம். சனிக்கிழமைக்கு நான் ரத்தம் ஏத்தற கேஸ் ஒண்ணு தயார் பண்ணிட்டு வர்றேன், நீங்க ஒண்ணு கொண்டு வாங்க. வேற யாராவது பிஎன் எழுதறவங்க இத படிச்சா நீங்களும் சேந்துக்கோங்க, நாலு பேர் வரைக்கும் இருந்தா நல்லாருக்கும்.